இருபத்திரண்டாம் நிமிடம்

பிரசங்கத்தை வீடியோவில் காட்டலாமா என்ற விவாதம் எங்கள் சபையில் மூன்று செயற்குழுக் கூட்டங்களைத் தின்றது. காட்டலாம் என்று வாதாடி ஜெயித்தவன் நான். சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில் தாய்ச்சபை. செம்பவாங்கிலும் பாசிர் ரிஸ்ஸிலும் வாடகை அறைகளில் இரண்டு கிளைகள். தமிழில் பிரசங்கிக்க ஒரே ஒரு போதகர். மூன்று இடங்களிலும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஆராதனை. போதகரை மூன்றாக வெட்ட முடியாது, வீடியோவை மூன்று பிரதி எடுக்கலாம் என்றேன். "அப்போஸ்தலர்கள் கடிதம் எழுதி அனுப்பலையா? அந்தக் காலத்து வீடியோ அதுதான்" என்றும் சொன்னேன். அது நன்றாக எடுபட்டது.

நடைமுறை விதிகளையும் நானே எழுதினேன். அரசாங்கத்தில் வேலையிடப் பாதுகாப்பு அதிகாரியாக முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். விதி இல்லாத இடத்தில் எனக்கு மூச்சு வராது. புதன்கிழமை பதிவு. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு மூப்பர்கள் பார்த்து ஒப்புதல். ஞாயிறன்று மூன்று இடங்களிலும் ஒரே நேரத்தில் ஓட்டுவது. ஓடத் தொடங்கிய பின் யாரும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக்கூடாது. இந்தக் கடைசி விதிக்கு ஒரு வரலாறு உண்டு. முதல் மாதத்தில் பாசிர் ரிஸ் மூப்பர் ஒருவர் பத்தாவது நிமிடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு, போதகர் சொல்ல மறந்ததாகத் தமக்குத் தோன்றியதை முக்கால் மணி நேரம் எடுத்துரைத்தார். விதி அதற்கு அடுத்த வாரமே வந்தது.

போன வருடம் போதகர் ஊருக்குப் போன ஒரு வாரம், பிரசங்கம் என் தலையில் விழுந்தது. சபையில் பேச எனக்குத் தயக்கம் உண்டு. கேமராவுக்கு முன்னால் அது இல்லை. யாரும் கொட்டாவி விடுவதில்லை, யாரும் எழுந்து போவதில்லை. விசுவாசத்துக்கும் அலட்சியத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதைத் தலைப்பாக எடுத்துக்கொண்டேன். வாழ்நாள் முழுவதும் பார்த்த வேலையிலிருந்தே உதாரணம் சொன்னேன்.

"கர்த்தர் பாத்துக்குவார்னு சொல்லிட்டு, பாதுகாப்புக் கயிற்றின் ஹூக்கை மாட்டாமல் சாரத்தில் ஏறுகிறவன் விசுவாசி இல்லை, சோம்பேறி. அவன் விழுந்தால் தாங்கிப் பிடிக்கத் தேவதூதர்கள் வர மாட்டார்கள், ஆம்புலன்ஸ்தான் வரும்."

சிரிப்பதற்கு இரண்டு விநாடி இடைவெளி விட்டேன், வெற்று நாற்காலிகளைப் பார்த்து. மூப்பர்கள் இருவரும் ஒப்புதல் தந்தார்கள். ஒருவர் படிவத்தின் ஓரத்தில் 'மிக அருமை' என்று எழுதியிருந்தார்.

ஞாயிறன்று செம்பவாங்குக்குக் கிளம்பினேன். முன்னறிவிப்பில்லாத சோதனை என்று மனைவியிடம் சொன்னேன்.

"உங்க மூஞ்சியப் பெரிசா பாக்கப் போறீங்க, அவ்வளவுதானே" என்றாள்.

அறையில் நாற்பது பேர் இருக்கலாம். பெரும்பாலும் அருகில் இருந்த தங்கும் விடுதியிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஆராதனையை நடத்தி, மடிக்கணினியையும் கவனித்துக்கொண்டவர் ஒரு பள்ளி ஆசிரியை. வீடியோவுக்கு முன்னால் ஜெபக் குறிப்புகள். அவர் மூன்றாவது வரிசையைக் காட்டினார்.

"நம்ம அண்ணனோட தம்பி நேத்துக் காலைல சைட்டுல சாரத்துலேர்ந்து விழுந்துட்டார். ஐசியூல இருக்கார். இன்னும் கண்ணு முழிக்கல. அண்ணன் ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா வந்திருக்கார்."

முப்பத்தைந்து வயது இருக்கும் ஒருவர் எழுந்தார். மருத்துவமனையில் பார்வையாளருக்கு ஒட்டும் வில்லை இன்னும் சட்டையில் இருந்தது. "ஜெபம் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தார்கள். நான் மூடவில்லை. விளக்குகள் அணைந்தன. சுவர் அகலத்துக்கு என் முகம் வந்து எல்லோருக்கும் ஸ்தோத்திரம் சொன்னது.



விபத்து நடந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி எது என்று எனக்குத் தெரியும். அடிபட்டவன் பிழைப்பானா என்பது இரண்டாவது. ஹூக் மாட்டியிருந்தானா என்பதுதான் முதல் கேள்வி. முதலாளி கேட்பார், சூப்பர்வைசர் கேட்பார், விடுதியில் பக்கத்துக் கட்டில்காரன் கேட்பான். நான் என் காலத்தில் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்த அண்ணனிடம் நேற்றிலிருந்து எல்லோரும் கேட்டிருப்பார்கள். இன்னும் இருபத்திரண்டு நிமிடத்தில் நான் அவர் முகத்துக்கு நேரே பதிலையே சொல்லப் போகிறேன்.

நேரில் நின்று பேசுகிற எவரும், எவ்வளவு மோசமான பிரசங்கியாக இருந்தாலும், அந்த வில்லையைப் பார்த்த உடனே அந்த வரியை விழுங்கியிருப்பார். சுவரில் இருந்தவருக்குக் கண் தெரியவில்லை. புதன்கிழமையின் உற்சாகத்தோடு பேசிக்கொண்டே இருந்தார். அப்போஸ்தலர்களின் கடிதங்கள் பற்றி நான் அடித்த வசனம் அப்போதுதான் உறைத்தது. அந்தக் கடிதங்களை ஒரு மனிதன் கொண்டுபோனான். படித்துக் காட்டினான். புரியாதவர்கள் அவனிடம் கேட்டார்கள். அந்த மனிதனை நான் செலவில்லாமல் நீக்கிவிட்டிருந்தேன்.

அந்த அண்ணன் கேட்காமல் இருக்கலாம், களைத்துத் தூங்கிவிடலாம் என்று நம்பினேன். அவர் தூங்கவில்லை. கழுத்தை நீட்டிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று வந்தவருடைய பார்வை அது. எழுந்து போய் நிறுத்தச் சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், காரணம் கேட்பார்கள். அந்த வெட்கத்துக்குப் பயந்து பத்தொன்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதவும் கூசுகிறது. இருபதாம் நிமிடத்தில் ஆசிரியையின் மேசைக்குப் போனேன்.

"சிஸ்டர், நிறுத்துங்க."

"ஏன் அங்கிள், சவுண்டு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. நிறுத்தணும்."

மேசையில் ஒட்டியிருந்த தாளை விரலால் தட்டினார். "எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக்கூடாதுன்னு போட்டிருக்கு லா. கீழ உங்க கையெழுத்து."

"நான் எழுதினதுதான். நானே சொல்றேன்."

"போன மாசம் ஒருத்தர் மயக்கம் போட்டு விழுந்தப்பக்கூட நாங்க நிறுத்தல. நீங்க பாராட்டி ஈமெயில் அனுப்பினீங்க, அங்கிள்."

அனுப்பியிருந்தேன். வேறு வழியில்லாமல் அவர் காதருகே குனிந்து அந்த வரியை அப்படியே சொன்னேன். ஆம்புலன்ஸ் வரை. அவர் மூன்றாவது வரிசையைப் பார்த்தார், பிறகு திரையின் அடியில் ஓடிய எண்களைப் பார்த்தார். இருபத்தொன்று தாண்டியிருந்தது. சுவரில் நான், "சாரத்தில் ஏறி இறங்குகிற நம் சகோதரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விரலை உயர்த்தினேன்.

"இவ்வளவு நேரம் ஏன் சும்மா உக்காந்திருந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் விசையை அழுத்தினார்.

வாய் திறந்தபடி, விரல் தூக்கியபடி நான் சுவரில் நின்றுபோனேன். விளக்கு எரிந்தது. நாற்பது தலைகள் திரும்பின.

"நிறுத்தியாச்சு" என்றார் ஆசிரியை. "இனி நீங்கதான் பேசணும்."

முன்னால் போய் நின்றேன். கையில் குறிப்பு இல்லை. "இதுக்கு மேல வர்றத இன்னைக்கு நான் சொல்ல விரும்பல. புதன்கிழமை சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. நாம ஜெபம் பண்ணலாம்" என்றேன். ஜெபம்தான் எனக்குத் தெரிந்த அவசர வழி.

மூன்றாவது வரிசைக்காரர் எழுந்தார்.

"என்ன ஐயா சொன்னீங்க?"

சுவரில் தூக்கியபடி நின்ற என் விரலைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஹூக்கப் பத்தியா?"

"ஆமா."

"சொல்லுங்க."

சொன்னேன். தேவதூதர்களையும் ஆம்புலன்ஸையும் விட்டுவிட்டேன், சோம்பேறியை விட முடியவில்லை. அவர் அடிப்பார் என்று ஒரு கணம் நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை என்று அடுத்த கணம் தோன்றியது.

"மாட்டல ஐயா" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நானும் அதே சைட்டுதான். லாரி வந்து நின்னுச்சு. சீக்கிரம் ஏறி அந்தப் பலகைய எடுத்துக் குடுடான்னு நான்தான் கத்துனேன். மாட்டுறதுக்கு நேரம் குடுக்கல. அவன் சோம்பேறி கெடையாது."

ஃபேரர் பார்க்கிலும் பாசிர் ரிஸ்ஸிலும் ஏறக்குறைய அதே நேரத்தில் அந்த ஆம்புலன்ஸ் வரிக்கு நன்றாகச் சிரித்தார்கள் என்று மறுநாள் எனக்குத் தெரிவித்தார்கள்.

"நாளைக்கு கவர்மென்ட் ஆபீஸுக்கு வந்து வாக்குமூலம் குடுக்கச் சொல்லியிருக்காங்க" என்று அவர் தொடர்ந்தார். "ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. நீங்க அந்த வேலைதான் பாத்ததா வீடியோல சொன்னீங்க. நான் என்ன ஐயா சொல்லட்டும்?"

வீடியோவிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. என்னிடமும் கேட்டதில்லை. நான் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து கேட்பவன். உண்மையைச் சொன்னவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள், நான் கோப்பை மூடுவேன். அதற்குப் பிறகு அவர்களுடைய வேலை இருந்ததா, ஊருக்கு அனுப்பினார்களா என்று ஒரு முறையும் விசாரித்ததில்லை. என் விதிகளில் அந்தப் பகுதி கிடையாது. உள்ளதைச் சொல்லுங்கள் என்று நான் சொல்லி, இவரை ஊருக்கு அனுப்பிவிட்டால், ஐசியூவில் கண் திறக்கிற தம்பிக்கு இங்கே யார் இருப்பார்கள்? பொய் சொல்லுங்கள் என்று சபையின் முன்னால் நின்று எப்படிச் சொல்வது? இந்தப் பதிலுக்கு ஒப்புதல் தர மூப்பர்கள் யாரும் அங்கே இல்லை.

"உள்ளதச் சொல்லுங்க" என்றேன். "கத்தினதையும் சொல்லுங்க, லாரி நின்னதையும் சொல்லுங்க, சூப்பர்வைசர் சொன்னதையும் சொல்லுங்க. நானும் கூட வர்றேன்."

கடைசி வாக்கியம் நான் யோசிக்காமல் வந்தது.

"உள்ள விடுவாங்களா உங்கள?"

"விட மாட்டாங்க. வெளிய உக்காந்திருப்பேன்."

அவர் என்னை அளப்பது போலப் பார்த்தார். "அப்ப காலைல எட்டரைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் எட்டேகாலுக்கே போய்விட்டேன். முப்பது வருடம் அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தவன், வெளியே இருக்கும் நாற்காலியில் அன்றுதான் முதன்முறையாக உட்கார்ந்தேன். குளிர்சாதனக் காற்று நேரே தலையில் இறங்கும்படி அதைப் போட்டிருக்கிறார்கள். அவர் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. கேள்விகள் எந்த வரிசையில் வரும், எந்தக் கேள்விக்குப் பிறகு அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார் என்று எல்லாம் எனக்குத் தெரியும். பத்து நிமிடம் ஆனது, இருபது ஆனது. இப்போது ஹூக் பற்றிக் கேட்டிருப்பார்கள். அவர் சொல்லிவிட்டாரா, என் பேச்சைக் கேட்டுச் சொல்லிவிட்டாரா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு, கதவு திறக்கக் காத்திருந்தேன்.