அக்கா திருத்திக் கொடுத்த பதில்

வீட்டில் அவள் சின்னவள். அக்காவுக்குக் கோபம் வந்தால் அவள் ஊமைக்கோட்டான். ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்ப்பது சின்னவளின் தொழில். மெஷின் மேசைக்கு வந்தால் மூடியைக் கழற்றும்வரை யாரோடும் பேசமாட்டாள். கழற்றிய பிறகும் பேசமாட்டாள். முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் ஒரு டாக்டர் அவளுக்கு ஆட்டிசம் என்றார். "இதுக்கு எதுக்குடீ டாக்டரு, என்னைக் கேட்டிருக்கலாமே" என்று அம்மா சிரித்தாள்.

அந்த அம்மா போன வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். அதற்கு முன் ஒரு காலம் மனச்சோர்வில் கிடந்தாள். குளிக்கவில்லை, ஜன்னலைத் திறக்க விடவில்லை. வந்தவர்கள் எல்லாரும் புத்தி சொன்னார்கள். வெளியூரிலிருந்த அக்கா போனில் சொன்னாள். சின்னவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தன் வேலை மேசையை அம்மாவின் அறைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே பழுதுபார்த்தாள். ஒருநாள் கட்டிலுக்கடியில் உருண்ட திருகாணியை அம்மா இறங்கி எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் ஜன்னலைத் திறந்தாள்.

மனநல வார்டுக்கு மெஷின் சரிசெய்யப் போன இடத்தில் அங்கே துணைப் பணியாளர் எடுக்கிறார்கள் என்று சின்னவள் கேள்விப்பட்டாள். நோயாளிகளோடு கூடவே இருக்கிற வேலை. அம்மா போனபிறகு அவள் ஆசைப்பட்ட முதல் விஷயம் அது. அன்றே விண்ணப்பித்தாள்.

லீவில் வந்திருந்த அக்கா அவளைத் தயார் செய்தாள். லீவு நீண்டுகொண்டே போனது. ஏனென்று சின்னவள் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கேள்வி கேட்பாள். எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் புருவத்துக்கு நடுவே பார்க்கச் சொன்னாள். உங்கள் பலவீனம் என்ன என்றதற்குச் சின்னவள் மூச்சுவிடாமல் ஒப்பிக்கத் தொடங்க, அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். "கேட்டா எல்லாத்தையும் கொட்டிடுவியா? ஒண்ணு சொல்லு போதும். அதுவும் நல்ல பலவீனமா சொல்லு."

யாருக்காவது துணையாக இருந்திருக்கிறீர்களா என்ற கேள்விக்கு அம்மாவின் கதை. அதையும் அக்கா திருத்தினாள். திருகாணியெல்லாம் யாருக்குப் புரியும் என்று வெட்டினாள்.

"பேசாம உக்காந்திருந்தேன்னு சொன்னா எவன்டீ வேலை குடுப்பான்? கட்டிப்பிடிச்சு ஆறுதல் சொன்னேன்னு சொல்லு."

"நான் கட்டிப்பிடிக்கலையே."

"பிடிச்சதா சொல்லு. ஜன்னலைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடு. அங்கதான் அவங்க உருகுவாங்க."

சின்னவள் மனப்பாடம் செய்தாள். அந்தக் கட்டிப்பிடிக்கிற இடம் மட்டும் ஒவ்வொரு தடவையும் தொண்டையில் சிக்கியது.

நேர்காணல் மதியம். காலையிலேயே அக்கா ஆபீஸ் விஷயம் என்று வெளியே போய்விட்டாள். புது இடமென்றால் முன்னதாகவே போய், விளக்கு கண்ணைக் குத்துமா, ஏசி இரையுமா என்று பார்த்துக்கொண்டால்தான் சின்னவளுக்கு வாய் திறக்கும். அன்றும் அப்படித்தான் போய் அறைக்கு வெளியே உட்கார்ந்தாள். பலகைத் தடுப்பு. உள்ளே பேசுவது கேட்டது.

"அம்மாவைக் கட்டிப்பிடிச்சு, நான் இருக்கேன்மான்னு சொன்னேன். ஒருநாள்..." ஒரு மூச்சு. "அவங்களே ஜன்னலைத் திறந்தாங்க."

அக்காவின் குரல். சிக்கவே இல்லை.

கதவு திறந்தது. அக்கா இவளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அங்க என் வேலை போயிடுச்சுடீ" என்றாள் மெதுவாக. "சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவ எனக்கும் அம்மாதானே."

சின்னவள் தரையைப் பார்த்தாள். "நீ அங்க இல்லையேக்கா."

அக்கா போனாள். பிறகு இவளை அழைத்தார்கள்.

அந்தக் கேள்வியும் வந்தது. மனப்பாடம் செய்த பதில் இவளுக்கு முன்பே உள்ளே போய்விட்டு வந்திருந்தது. சின்னவள் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தேன் என்றாள். திருகாணியைச் சொன்னாள். ஜன்னல் என்றதும் ஓரத்தில் இருந்தவர் நிமிர்ந்து, இதையே இப்போதுதான் என்று ஆரம்பித்தார். நடுவில் இருந்த அம்மாள் கையமர்த்தினார்.

"ஏன் ஒண்ணுமே பேசல?"

"என்ன சொல்றதுன்னு தெரியல. அதனால போகாம இருந்தேன்."

அந்த அம்மாள் வேறு கேள்வி கேட்கவில்லை.

அடுத்த வாரம் போன் வந்தது. வேலை அவளுக்குத்தான். சின்னவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இதைச் சொல்ல அவளுக்கு உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி இல்லை. இன்னொருத்தி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, "யாருடீ போன்ல?" என்றாள்.

சின்னவள் நிமிர்ந்தாள். அக்காவின் புருவத்துக்கு நடுவே, சொல்லிக்கொடுத்த மாதிரியே பார்த்தாள்.

"கம்பெனியிலேருந்து. ஏதோ மெஷின் ரிப்பேராம்."

தொண்டையில் எதுவும் சிக்கவில்லை.