துவைக்காத சேலை

நாயை எங்களிடம் விட்டுப்போக வருகிறவர்களிடம், உடுத்திக் கழற்றிய துணி ஒன்று கேட்பேன். துவைத்திருக்கக் கூடாது. வீட்டில் அந்த நாய் யார் காலடியில் அதிகம் கிடக்குமோ அவருடைய துணியாக இருக்க வேண்டும். அதைக் கூண்டில் விரித்துப் போட்டால், முதல் நாள் ஊளையிட்டாலும் மறுநாள் அதில் சுருண்டு படுத்துவிடும். புது இடத்தில் நாய்க்கு வீடு என்பது அந்த வாடை மட்டும்தான். பெங்களூருக்கு வெளியே ஒரு நாய்ப் பண்ணையில் கூண்டு கழுவிக்கொண்டிருந்தபோது இதைக் கற்றுக்கொண்டேன்.

திண்டுக்கல்காரர்களிடம் இதைக் கேட்டு வாங்குவது லேசான காரியமில்லை. அழுக்குத் துணியை அந்நியன் கையில் கொடுக்க யாருக்கும் மனம் வராது. துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவருவார்கள். ஒருவர் விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத புதுத் துண்டைக் கொண்டுவந்தார். ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏலே, என் நைட்டிய வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போற?" என்று கேட்டார். கூட வந்த வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் எட்டாவதோடு நின்றவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, போர்வெல் லாரியில் ஏறி மத்தியப் பிரதேசம், பிறகு கேரளாவில் ரப்பர் தோட்டம் என்று எங்கேயும் நிலைத்து இருந்ததில்லை. யாரோடும் சண்டை கிடையாது. ஒரு நாள் காலையில் எழுந்தால் இந்த இடம் போதும் என்று இருக்கும், கிளம்பிவிடுவேன். பெங்களூரில் மட்டும் கொஞ்சம் நின்றேன், நாய்கள் இருந்ததால். ஊர் திரும்பியதும் நத்தம் ரோட்டில், முருங்கைக் காட்டின் ஓரத்தில் சும்மா கிடந்த கோழிக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் கம்பிவலை அடித்துக் கூண்டுகளாகத் தடுத்தேன். பகலில் மட்டும் விட்டுப்போகும் நாய்கள், வெளியூர் போகிறவர்கள் நாள் கணக்கில் விடும் நாய்கள், பழக்கிக் கொடுக்கச் சொல்லி வரும் நாய்கள் என்று ஓடிக்கொண்டிருந்தது. போர்டில் பெரிதாக ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தேன். ஊருக்கு அது நாய் ஹாஸ்டல்தான். "அப்பு, ரூம்ல ஏசி இருக்கா? எனக்கும் ஒண்ணு போடு" என்பார்கள் டீக்கடையில்.

சமைக்கவும் கூட்டவும் பக்கத்து ஊரிலிருந்து ஒரு அக்கா வருவார். பிராய்லர் கடையில் கோழிக்காலும் ஈரலும் வாங்கிவந்து குருணையோடு போட்டு வேகவைப்பார். "எம் புருசனுக்குக்கூட இம்புட்டுக் கறி ஆக்கிப் போட்டதில்ல" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்கு வேலை ஓடாது.

அந்த வெள்ளைப் பெட்டை நாயைக் கொண்டுவந்தவர் பஸ் கண்டக்டர். ஐம்பதைத் தாண்டியவர். மனைவியை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். வீட்டில் ஆளில்லாமல் நாய் கத்துகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் போன் செய்திருக்கிறார்கள். புசுபுசுவென்று முடி வைத்த பொமரேனியன். அதற்கு வேறு பெயர் இருந்தது, ஆனால் அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். நாய் மனைவியுடையது. அவர் டூட்டிக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான்.

துணி கேட்டபோது ஏன் எதற்கு என்று கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர் அவர் ஒருவர்தான். ஒரு சின்னாளபட்டிச் சேலையோடு வந்தார். அரக்கு நிறம், உடுத்தி உடுத்தி மெத்தென்று ஆகியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்புறப்ப மாத்திப் போட்டது தம்பி. நாக்காலியில கெடந்துச்சு. ரெண்டு மூணு நாள்ல வந்துருவா. அவ வந்ததும் இதக் கூட்டிட்டுப் போயிருறேன்."

அந்த அம்மா வரவில்லை. மதுரையிலேயே இறந்துபோனார். செய்தியை எனக்குப் போனில் சொன்னவர், நாய் கொஞ்ச நாளைக்கு அங்கேயே இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நான் அந்த நாயிடம் என்ன சொல்வது? வழக்கம்போலச் சோறு வைத்தேன். அது சேலையின் மடிப்புக்குள் மூக்கைச் செருகிக்கொண்டு தூங்கியது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து ஒரு நாள் சாயங்காலம் வந்தார். நாய் அவர் மேல் தாவி ஏறியது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டே கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"சேலை இருக்கா?"

"இருக்குண்ணே. அதுலதான் படுத்துக் கெடக்கு."

"துவைக்கலையே?"

"நாங்க துவைக்க மாட்டோம்."

அப்படியே கூண்டு வாசலில் குந்திவிட்டார். மனைவியின் அக்கா தங்கைகள் வந்து பீரோவைக் காலி செய்து, துணியையெல்லாம் முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

"நாந்தான் சரின்னேன். அன்னைக்கு என்ன கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். எல்லாரும் போன பெறகு பாக்குறேன், தலகாணி உறையக்கூடத் துவைச்சுக் காயப்போட்டுட்டுப் போயிருக்காக. வீட்டச் சுத்தமா வச்சுட்டுப் போயிருக்காகளாம்."

சேலையை எடுத்துப் போகச் சொன்னேன். அவர் கையை ஆட்டினார்.

"வேணாம். வீட்டுக்குக் கொண்டு போனா எடுத்து எடுத்துப் பாப்பேன். ரெண்டு நாள்ல என் வேர்வை நாத்தம்தான் இருக்கும். நான் டூட்டிக்குப் போற அன்னைக்கெல்லாம் பாப்பாவ இங்க விட்டுட்டுப் போறேன். சேலை இங்கயே இதுகிட்ட கெடக்கட்டும்."

அதன்படியே நடந்தது. காலையில் விடுவார். வண்டி ஓடி முடிந்து, காக்கிச் சட்டையும் தோளில் பையுமாகச் சாயங்காலம் வருவார். வந்ததும் கூண்டைத் திறக்க மாட்டார். கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று, நாய் சேலையில் படுத்திருப்பதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கூப்பிடுவார். ஒரு நாள் சேலை நுனியை எடுத்து முகர்ந்து பார்த்தவர், என்னிடம் சொன்னார்.

"இத்தன வருசம் டீசல் பொகையில நின்னு எம் மூக்கு செத்துப் போச்சு தம்பி. எனக்கு நாய் வாடைதான் வருது. ஆனா இது படுக்குதுல்ல? அப்ப அதுக்குத் தெரியுது. இன்னும் இருக்கு."

"இருக்கும்ணே" என்றேன். அன்றைக்கு அது உண்மைதான்.

முருங்கை ஒரு போகம் காய்த்து முடிந்தது. வெயில் ஏறிய ஒரு நாள், நாய் சேலையை விட்டு விலகி வெறும் சிமெண்டுத் தரையில் படுத்திருந்தது. சூடு தாங்காமல் படுத்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் ஆடிக் காற்று அடித்து உடம்பு குளிர்ந்த பிறகும் அது சேலைக்குத் திரும்பவில்லை. திறந்துவிட்டால் நேராக அடுப்படிக்குப் போய் அக்காவின் காலடியில் படுத்துக்கொண்டது. வேறு நாயாக இருந்தால், இது தேறிவிட்டது என்று துணியை எடுத்துவிட்டுச் சந்தோஷப்பட்டிருப்பேன். என் தொழிலில் அதுதான் நல்ல அறிகுறி.

கண்டக்டர் கவனித்துவிட்டார். "ஏன் கீழ படுத்திருக்கு?" என்றார்.

"வெக்கைண்ணே" என்றேன், காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே.

அவர் தலையாட்டினார். மறுநாளும் வலைக்கு இந்தப் பக்கம் நின்றார், நாய் அந்த மூலையில் கிடந்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அன்று நாயைக் கூப்பிடக்கூட மறந்து, வெறும் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்க் கூண்டைத் திறந்து நாயைத் தூக்கி அவர் கையில் கொடுக்க வேண்டியிருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை நாயைப் பழக்குவது. அதைச் செய்தேன். சேலையில் கால் வைத்தால் ஒரு துண்டு ஈரல். உட்கார்ந்தால் ஒன்று. தாடையைக் கீழே வைத்துப் படுத்தால் இரண்டு. புத்தியுள்ள நாய், சீக்கிரம் பிடித்துக்கொண்டது. பிறகு வாயால் சொல்லவே வேண்டாம், வலது கையைத் தொடையோரம் மூடிப் பிடித்தால் போதும், ஓடிப்போய்ச் சேலையில் படுத்துக்கொள்ளும். அவர் பைக் ரோட்டை விட்டு மண்பாதையில் இறங்கும் சத்தம் கேட்டதும் கையை மூடுவேன்.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை.

"ஏன் தம்பி, அது பாட்டுக்கு இருக்கட்டுமே."

"அவரு மூஞ்சியப் பாத்தீங்களா, இல்லையா?"

"பாத்தேன். அதுக்காக வாயில்லாத சீவனப் பொய் சொல்ல வைக்கிறியே."

கண்டக்டர் முகம் மறுபடி தெளிந்திருந்தது. "பாருங்க, குளிர ஆரம்பிச்சதும் தேடிப் போயிருச்சு" என்று அக்காவிடமே சொன்னார். பஸ்ஸில் நடந்த கூத்துகளைச் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தார். மழைக்காலம் அப்படியே கழிந்தது. எங்கேயும் தங்காதவன், அந்த மாதங்களில் கிளம்ப வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் இருந்தேன். சாயங்காலம் ஆனால் ஈரலை நறுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

மழை விட்டிருந்த ஒரு நாள் வந்தார். வலைக்கு இந்தப் பக்கம் நின்றார். நாய் சேலையில் கச்சிதமாகப் படுத்திருந்தது. அவர் நாயைப் பார்த்தார், நாய் பார்க்கும் திசையைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார்.

"கையில என்ன தம்பி?"

திறந்து காட்டினேன். அவர் அங்கே கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டிக்கெட் எடுக்காதவன் என் மூஞ்சியப் பாக்க மாட்டான். பையத்தான் பாப்பான். இது கொஞ்ச நாளாவே என்னப் பாக்கல. உங்க கையத்தான் பாக்குது." தோள் பையை மடியில் இறக்கி, "எப்பயிருந்து?" என்றார்.

"வெயில் காலத்துலயே சேலைய விட்டுருச்சுண்ணே."

"அம்புட்டு நாளாவா?"

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க" என்றார், மெய்யான பாராட்டைப் போல. கூண்டைத் திறந்து, நாயை மெல்ல நகர்த்தி, சேலையை எடுத்தார். சத்தம் கேட்டு வந்த அக்காவிடம் நீட்டினார்.

"நீங்க சொல்லுங்க தங்கச்சி. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். முகத்தோடு வைத்து வெகுநேரம் முகர்ந்தார். நாய் வாடையைக் கண்டுபிடிக்க அத்தனை நேரம் ஆகாது. வேறு ஏதாவது கிடைக்குமா என்று தேடினார் போல.

"நாய் வாடைதாண்ணே" என்றார் கடைசியில். "வேற ஒண்ணும் இல்ல."

"அப்பச் சரி. துவைச்சிரலாம்."

"குடுங்க, நான் அலசிப் போடுறேன்."

"நீங்க விடுங்க" என்று அவரே எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டார். அங்கே ஒரு துவைக்கிற கல் கிடக்கிறது. தண்ணீர் ஒரு சின்ன சிமெண்டு வாய்க்கால் வழியாக முருங்கை மரத்தடிக்குப் போகும். சேலையைக் கல்லில் போட்டு, மொண்டு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். வெள்ளை முடி கற்றை கற்றையாக மிதந்து வந்தது. இன்னொரு செம்பு ஊற்றியவர், அப்படியே நின்றார்.

"தம்பி."

பக்கத்தில் போனேன். ஈரச் சேலையை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் வைத்திருந்தார்.

"வருது தம்பி. தைலம். அவ முட்டிக்குத் தேய்க்கிற தைலமும் பவுடரும். இப்ப வருது."

நான் குனிந்து முகர்ந்தேன். ஈரப் பருத்தியும் நாய் முடியும்தான் எனக்குத் தெரிந்தது. அக்காவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நனைந்தால் துணியில் பழைய வாடை ஒரு தடவை கிளம்பும் என்பது எனக்குத் தெரியும்; நனைந்த கூண்டுகளைக் கழுவியே பிழைத்தவன். கிளம்பினால் அது போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவருக்கும் அது புரிந்துவிட்டது. சேலையை ஒரு பந்தாகச் சுருட்டி நெஞ்சோடு அணைத்து, சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே உள்ளங்கையைக் குழித்துப் பிடித்தார். கை நிரம்பி விரலிடுக்கில் வழிந்தது. காக்கிச் சட்டை முழுக்க நனைந்தது.

அப்போதுதான் நாய் ஓடி வந்தது. கூண்டு திறந்தே கிடந்திருக்கிறது. அவரிடம் வரும் என்று நினைத்தேன். அது வாய்க்காலுக்குப் போனது. ஓடுகிற தண்ணீரில் மூக்கை வைத்து, தண்ணீர் போகிற வேகத்திலேயே கூடப் போய், முருங்கை மரத்தடியில் அது மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் நின்றுவிட்டது.

"நீங்க ஏதும் காட்டுனீங்களா?" என்றார் அவர்.

"இல்லண்ணே."

அவர் என் இரண்டு கைகளையும் பார்த்தார். விரித்துக் காட்டினேன். ஈரல் துண்டைக் கூண்டுப் பக்கமே போட்டுவிட்டிருந்தேன். தன் முடி மிதந்து போகிற தண்ணீரை எந்த நாயும் முகர்ந்துகொண்டு போகும் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் காரணமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சேலையை அப்படியே எவ்வளவு நேரம் பிடித்திருக்க முடியும்? சேலையைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். அக்கா போய், அவர் நெஞ்சிலிருந்து ஒரு தலைப்பை உருவி எடுத்து, பின்னாலேயே நடந்து நீட்டிப் பிடித்தார். "விடுங்கண்ணே, முறுக்குங்க" என்றார். அவர் முறுக்கினார். தண்ணீர் கொட்டியது. இன்னும் முறுக்கினார். அந்தம்மாவோடு பிழிந்து பழகியிருப்பார் போல. கை தானாக வலது பக்கம் திரும்பியது. முகம் மட்டும் அழுதது, சத்தமில்லை.

அவர் கிளம்பும்போது கூப்பிட்டும் நாய் மரத்தடியை விட்டு வரவில்லை. நான்தான் போய்த் தூக்கிவந்தேன். மூக்கு முழுக்கச் செம்மண். என் கையில் இருந்தபடியே திரும்பி அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.