இந்தக் காமிரா எந்த ஊரில் குடியிருந்தது?

பழைய காமிரா வாங்குகிறவன் லென்ஸைப் பார்க்குமுன் அது குடியிருந்த வீட்டின் கூரையைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தீவில் படம் பிடிக்கிறவர்களின் முதல் பாடம். மேட்டுநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் வக்குவாவில் ஆறு மாதம் மழை, மீதி ஆறு மாதம் மழைக்கான ஏற்பாடு. அந்த ஈரத்தில் சட்டைக்குப் பூசணம் பிடிக்கும், செருப்புக்குப் பிடிக்கும், லென்ஸுக்குள்ளேயும் பிடிக்கும். ஸ்டூடியோவிலிருந்து வந்த பட உறையைப் பிரித்து, முகமிருக்க வேண்டிய இடத்தில் பூசணத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நாட்களில், பதினேழு வயதில், என் முதல் நல்ல காமிராவைத் தேடி அலைந்தேன்.

படிமேல் புகை

என் மாமா மூன்று வருஷம் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். முதல் வருஷம் படமெடுக்க ஆளில்லை. இரண்டாம் வருஷம் நான் இருந்தேன், கையில் ஒரு பெட்டிக் காமிராவோடு. அதன் ஷட்டருக்கு ஒரே வேகம். காவடி ஆடுகிறவருக்கோ பல வேகம். படத்தில் கோயில் படிகள் எண்ணிவிடலாம் போலத் தெளிவாக விழுந்திருந்தன. படிகளின் மேல் ஒரு வெள்ளைப் புகை. அதுதான் மாமா.

இன்னும் ஒரே ஒரு தைப்பூசம்தான் பாக்கி. அதையும் கோட்டைவிட்டால் மூன்று வருஷ விரதத்துக்கு ஒரு படம்கூட மிஞ்சாது. மாமா கோபிக்கவில்லை. படத்தைத் தலைகீழாகவும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "முருகனுக்கு என்னை அடையாளம் தெரியும், மருமகனே. உன் மாமிதான் நம்பமாட்டேன் என்கிறாள்."

கண்ணாடி அலமாரி

போர்ட் லூயியில் ஒரு கடையில் பழைய காமிராக்கள் மூன்று இருந்தன. நான் மெதுவாகப் பேசுகிறவன். மெதுவாகப் பேசுகிறவனைக் கடைக்காரர்கள் நம்புவதில்லை. முதலாளி காமிராவின் வாரைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, காமிராவை மட்டும் என் கையில் வைத்தார். இருவரும் விலங்கு மாட்டிய கைதிகளைப் போல நின்றோம்.

நான் ஷட்டரைக் காதோடு வைத்துக் கேட்டேன். கடைசியாக யார் வைத்திருந்தது, எந்த ஊர், தகரக் கூரையா சிமெண்டா, ஏன் விற்றார் என்று வரிசையாகக் கேட்டேன். நாலாவது கேள்வியில் அவர் வாரை இழுத்துக் காமிராவை வாங்கிக்கொண்டார். "தம்பி, நீ காமிரா வாங்க வந்தாயா, வாக்குமூலம் வாங்க வந்தாயா?"

ரோஸ் பெல் குமாஸ்தா

அடுத்தது ரோஸ் பெல்லில், கரும்பாலைக் குமாஸ்தா ஒருவர் வீட்டில். "இது கடற்கரைக் காமிரா, மழையையே பார்த்ததில்லை" என்று வாசலிலேயே சத்தியம் செய்தார். கேட்காமலே செய்த சத்தியம். தோல் உறையைத் திறந்ததும் எங்கள் வீட்டு அலமாரியின் வாசனை அடித்தது. பின்மூடியைத் திறந்து வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல வெள்ளை நூல் ஓடியிருந்தது.

காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கொஞ்சமும் கூசாமல், என்னை ஐயாவாக்கிச் சொன்னார்: "அது ஜெர்மன்காரன் போட்ட கோலம், மிஸ்யே. மற்ற காமிராவில் இருக்காது."

எந்தக் கட்சி?

கடைசியில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே ஒன்று கிடைத்தது. மதாம் ரோஸ்லீனின் கணவர், சுதந்திரம் வந்தால் என்ன ஆகுமோ என்று பயந்து, முன்னதாகவே ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டார். அந்த அம்மாள் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் பின்னால் போகவேண்டும். காமிரா நல்ல ஜாதி. விலையோ பாதி. எங்கள் தாத்தா சொன்ன கதைகளிலெல்லாம் வழிப்பறிக்காரன்தான் முதலில் வெல்லம் நீட்டுவான். இதுவோ வக்குவாவிலேயே வளர்ந்த காமிரா. லென்ஸிலோ பூசணம் ஒரு புள்ளிகூட இல்லை. எப்படி? உறையைத் தட்டிப் பார்த்தேன். இரண்டு அரிசி விழுந்தது. மந்திரித்துப் போட்டதோ என்று நினைத்து, தாளில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நான் தயங்குவதைப் பார்த்து, "ஒரு சுருள் எடுத்துப் பார்த்துவிட்டு வா" என்று காமிராவைக் கையிலேயே கொடுத்துவிட்டாள். சீட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. சந்தேகம் இரட்டித்தது. மறுநாள், தேர்தல் சுவரொட்டிகள் நிறைந்த சந்தையில், காய்கறிக்காரி ஒருத்தியை நோக்கிக் காமிராவைத் தூக்கினேன். அவள் முறத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். "எடுத்துக்கோ ராசா, தடுக்கவில்லை. எந்தக் கட்சிக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு எடு!"

இரண்டு அரிசி

படங்கள் வந்தன. முறத்தின் பின்னல்கூட இழை இழையாகத் தெரிந்தது. இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. மதாமின் வீட்டுக்குப் போய், பொட்டலமாக மடித்து வைத்திருந்த அந்த அரிசியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அவள் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். பாதி டின் வறுத்த அரிசி. உப்பு நீர்க்காமல் இருக்க உப்பு ஜாடியில் நாலு அரிசி போடுகிறோமே, அதே வேலைதான். அவள் கணவர் காமிராவைப் பத்து வருஷமாக அதில்தான் புதைத்து வைத்திருந்தாராம். எங்கள் வீட்டு உப்பு ஜாடியைத் தினமும் தொடுகிற எனக்கு அது தோன்றவில்லை. டின்னையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, மகனை அழைப்பதுபோலச் சொன்னாள்: "உன் பேர்கூடக் கேட்காமல் காமிராவைக் கொடுத்தேன். நீ இரண்டு அரிசிக்குப் பயந்தாயா, மொ கார்சோன்?"

மூன்றாவது வருஷம்

தைப்பூசத்தன்று மாமா நாக்கில் வேலோடு படியேறினார். காவடிச் செம்பில் பால் தளும்பவில்லை; நான் கீழ்ப்படியில் முழங்காலிட்டுக் காமிராவைத் தூக்கினேன். ஷட்டர் ஒரே ஒரு முறை சரியான நேரத்தில் விழுந்தது என்று காதுக்குத் தெரிந்தது. ஸ்டூடியோவிலிருந்து உறை வந்த அன்று மாமி அதைப் பிடுங்கிப் பார்த்து, "இவர்தான், இவரேதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாமா படத்தை ஜன்னலோரம் கொண்டுபோனார். நரையும் வழுக்கையும் நெற்றிச் சுருக்கமும், ஒவ்வொரு வேர்வைத் துளியும் அதில் இருந்தன. தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். "மருமகனே, இந்தக் காமிரா எந்த ஊரில் குடியிருந்தது?"

அன்றிலிருந்து காமிராவை அரிசிக்குள் வைத்துக் காப்பாற்றி வருகிறேன். என் சந்தேகத்தை எதற்குள் வைப்பது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.