திருமுல்லைவாயிலில் ஒரு கம்பிக்கதவு

ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வீட்டில்தான் அந்தப் பதிப்பகம் இருக்கிறது. எனக்குத் தெலுங்கு கற்றுத் தந்த புத்தகம் இங்கே தயாரானது. பதிப்பகத்தின் கதையை எழுத வந்திருக்கிறேன் என்கிறேன். உரிமையாளரான அம்மா கம்பிக்கதவைத் திறக்கவில்லை. செருப்பு முதல் தோள்பை வரை என்னைப் பார்க்கிறார்.

"எழுத வந்தீங்களா, காப்பி அடிக்க வந்தீங்களா? நம்ம புக்குல கடைசிப் பாடம் இன்னா, சொல்லுங்க."

"ஸ்டேஷன்ல வழி கேக்குறது," என்கிறேன் உடனே.

"அதுக்கப்புறம் ஒண்ணு கீது. விடைபெறுற பாடம். திருட்டு புக்கு போடறவன் பேப்பர் மிச்சம் பண்ண அதைத்தான் வெட்டுவான்."

இத்தனை வருடம் அட்டை போட்டுக் காத்த புத்தகம் தோள்பைக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுக்கக் கை வரவில்லை. அவர் உள்கதவைச் சாத்தத் தொடங்குகிறார். என்ன சொல்லிக் கிளம்புவது என்று தெரியாமல் நிற்கிறேன்.