குசினிச் சுவரில் குடியிருந்தவை

வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபோது என் வீட்டுக்காரரின் வேலையும் அவனோடு போய்விட்டது. பிறகெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கூலிவேலை. மனிதர் வாய்விட்டுச் சிரித்தது எங்கள் வளவுக்குள் நிற்கும்போது மட்டும்தான். அன்புவழிபுரத்தில் எங்களுக்கு வாய்த்தது வெறும் மணல். ஊற்றிய தண்ணீர் கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போய்விடும். அதை மண்ணாக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பூவரசங்குழை வெட்டிப் புதைத்தார். கிண்ணியாவிலிருந்து சைக்கிளில் வரும் மீன் வியாபாரி, விற்று முடிந்ததும் செதிலையும் குடலையும் எங்கள் வாசல் படலையடியில் கொட்டிவிட்டுப் போவார். நாற்றம் தாங்காமல் நான் கத்துவேன். "கொஞ்சம் பொறும், மண் சாப்பிட்டிடும்" என்பார் இவர். சாப்பிடத்தான் செய்தது.

நான் சமைக்கும் குசினியின் மண்சுவரில், வெளிப்பக்கத் தாழ்வாரத்துக்குக் கீழே, ஒரு ஓட்டையில் கொசு அளவான தேனீக்கள் குடியிருந்தன. கொட்டாத சாதி. ஓட்டையை மெழுகி மூடச் சொல்லி எத்தனையோ தரம் சண்டை பிடித்தேன். "அதுகள் இல்லாட்டிப் பூசணி காய்க்காது" என்பதைத் தவிர வேறு பதில் வராது. காய்த்தபோதெல்லாம் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் தின்றது. வேலிக்கு மேலால் பூசணி போகும், முருங்கைக்காயோ ஒரு பிடி கீரையோ திரும்பி வரும்.

கோதுமை மாவுக்கும் அதில் சுடும் பாணுக்கும் தட்டுப்பாடு வந்த வருஷம் அந்தக் கொடியைத்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அடுத்த வீட்டுக்காரி நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடுபவள். காலையில் வேலியடிக்கு வந்து, "அண்ணை, பூத்திட்டுதோ?" என்று கேட்பாள். "ஓம் பிள்ளை, இந்தா வருகுது" என்று இவர் நெஞ்சை நிமிர்த்துவார். வேலை போனபின் இவரை நம்பி யாராவது காத்துநின்றது அப்போதுதான்.

கொடி பூக்கத் தொடங்கிய சமயம் பார்த்து மலேரியா மருந்து அடிக்கிறவர்கள் வந்தார்கள். வழமைபோல அலுமாரி, கதிரை, சட்டிபானை எல்லாவற்றையும் முற்றத்தில் இழுத்துப் போட்டோம். முன்பெல்லாம் உள்ளே மட்டும் அடித்தவர்கள், இந்தமுறை தாழ்வாரத்துக்குக் கீழேயும் அடிக்கவேண்டும் என்றார்கள். இவர் மட்டும் களிமண் குழைத்துக்கொண்டு குசினிப் பக்கம் ஓடினார். ஓட்டையை இறுக்கி அடைத்துவிட்டு, "இனிப் பயமில்லை, அடியுங்கோ" என்றார். நானும் கெட்டிக்காரர் என்றுதான் நினைத்தேன். வெயில் ஏறியிருந்ததும், தேனீக்களில் முக்கால்வாசி ஏற்கெனவே வெளியே போயிருந்ததும் எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை.

மருந்தின் வீச்சம் தலையைச் சுற்றியது. சாமான்களை உள்ளே வைத்துவிட்டு நான் குசினிப் பக்கம் போனபோது தேனீக்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தன. காலில் மகரந்தத்தோடு வந்தவை, வாசலைக் காணாமல் மருந்து ஈரம் காயாத சுவரில் ஊர்ந்து ஊர்ந்து தேடின. தேடிய இடத்திலேயே விழுந்தன. இவர் ஓடிவந்து நகத்தால் களிமண்ணைச் சுரண்டினார். உள்ளே மிஞ்சியிருந்தவையும் அதே சுவர் வழியாகத்தான் வெளியே வந்து விழுந்தன.

"வீடு தேடி வந்ததுகளை நானே வெளியிலை நிப்பாட்டிப் போட்டன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு அதுவும் வரவில்லை.

பூசணி பூத்துத் தள்ளியது. பூவுக்கடியில் இருந்த பிஞ்சுகள் மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்தன. ஆண் பூவைப் பிடுங்கிப் பெண் பூவில் தொட்டுவிடலாமே என்றேன்.

"ஏலாது. என்ரை கை படவேண்டாம்" என்றார்.

நானே தொட்டுப் பார்த்தேன். இரண்டொரு காய்கள் கோணலாகத் தங்கின. அவற்றை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தேன். அது எந்த மூலைக்குப் போதும்? அவள் வேலியடிக்கு வருவதை விட்டுவிட்டாள். மீன் வியாபாரியிடம் இவர், "இனிக் கொட்டவேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டார். குழை போடாத மண் மறுபடி மணலாகிக்கொண்டு வந்தது. நான் பேசினேன், கெஞ்சினேன், ஒருநாள் மண்வெட்டியைத் தூக்கி அவர் காலடியில் எறிந்தும் பார்த்தேன். எடுத்து மூலையில் சாத்திவைத்தார்.

அடுத்த முறை மருந்து அடிக்க வந்தவர்களைக் குசினிப் பக்கம் இவரே கூட்டிக்கொண்டு போனார். தாழ்வாரத்துக்குக் கீழே விரலை நீட்டி, "இந்த ஓட்டைக்குள்ளையும் அடியுங்கோ, ஒருத்தரும் இல்லை" என்றார்.