ஆப்பிளுக்கு அழுத பிள்ளை

எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு பட்டம் உண்டு: அப்பனைக் காப்பாத்தின பிள்ளை. கல்யாண வீடுகளில் யாராவது அந்தக் கதையை ஆரம்பித்தால், பந்தியில் இடம் பிடிக்கப் போகிறவன்போல மெல்ல நழுவிவிடுவேன்.

அப்போது ராஜபாளையத்தில் எல்.கே.ஜி. படித்தேன். படித்தேன் என்பது பெரிய வார்த்தை. மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தேன். எங்கள் மிஸ், படத்தைக் காட்டி 'ஆப்பிள்' என்று கத்தச் சொல்கிற ஆள் இல்லை. தொட்டுப் பார்க்கணும், மோந்து பார்க்கணும், அப்போதுதான் மண்டையில் ஏறும் என்பார். ஒரு வாரம் முழுக்க ஆப்பிள்தான் பாடம் என்று சொல்லிவிட்டு, "யாரு வீட்ல ஆப்பிள் இருக்கு?" என்று கேட்டார். மாம்பழ ஊரில் கேட்கிற கேள்வியா அது? வகுப்பே திருதிருவென்று முழித்தது. நான் மட்டும் இரண்டு கையையும் தூக்கினேன்.

எங்கள் பக்கத்தில் ஆப்பிள் என்பது கடையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிற பழம். நல்லா இருக்கிற மனுசனுக்கு யாரும் வாங்கித் தர மாட்டார்கள். அப்பா மஞ்சள்காமாலை முற்றி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பை கொண்டு வந்தார்கள். அவரால் கஞ்சித் தண்ணியே விழுங்க முடியவில்லை. கட்டிலுக்கடியில் ஆப்பிள் குவிந்தது. அம்மா விடிந்ததும் பஸ்ஸில் வந்து, என்னைக் குளிப்பாட்டி, பையில் ஓர் ஆப்பிளை வைத்துப் பள்ளியில் விட்டுவிட்டு மறுபடி பஸ் ஏறுவாள்.

திங்களன்று பழத்தைத் தடவி, மோந்து பார்த்தோம். செவ்வாய், வாளித் தண்ணீரில் போட்டோம். முங்கும் என்று நான் சத்தியம் செய்தேன், அது மிதந்தது. புதன், மிஸ் குறுக்கே வெட்டிக் காட்டினார். உள்ளே நட்சத்திரம்போல விதைகள். வியாழன், விதைகளைச் சிரட்டை மண்ணில் ஊன்றினோம். வெள்ளிக்கிழமை பாதிப் பழத்தைச் சிவப்புச் சாயத்தில் முக்கித் தாளில் அச்சுக் குத்துவதாக ஏற்பாடு. முதல் அச்சு, பழம் கொண்டு வருகிறவனுக்கு.

வியாழன் சாயங்காலம் மாமா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மதுரைக்குக் கொண்டுபோனால் ஒருவேளை பிழைக்கலாம், வழியிலேயே முடிந்தாலும் முடியலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரியப்பா முடிவெடுத்துவிட்டார். "எதுக்கு அந்தப் பாடு? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். அவன் உசுரு அவன் வாசல்லயே போகட்டும்." அம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். பெரியப்பா பேச்சுக்கு மறுபேச்சு பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

மாமா கட்டிலடிப் பழங்களை எடுத்துப் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். கடைசிப் பழமும் போனபோது என் உலகம் இருண்டது. அப்பா வீட்டுக்கு வந்துவிட்டால் இனி யார் ஆப்பிள் கொண்டு வருவார்கள்? கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓலமிட்டேன். "வீட்டுக்கு வேண்டாம்! அப்பா ஆஸ்பத்திரியிலயே இருக்கட்டும்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. "ஏலே, அழாதலே" என்ற பெரியப்பாவின் குரலே உடைந்திருந்தது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு, முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பச்சப்புள்ளைக்கே மனசு கேக்கல அத்தான். மதுரைக்குக் கொண்டு போவோம். என்ன வந்தாலும் நான் பாத்துக்கிடுதேன்."

பெரியப்பா செத்த நேரம் பேசாமல் நின்றார். பொறவு ஆம்புலன்ஸ் சொல்ல வெளியே போனார்.

மதுரையில் இரண்டு மாதம் கிடந்து அப்பா பிழைத்து வந்தார். வெள்ளிக்கிழமை வகுப்பில் வெண்டைக்காயை வெட்டி அச்சுக் குத்தினார்களாம்.

போன மாதம் அப்பா என் மகளிடம் இந்தக் கதையைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாங்க முடியாமல் அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் உண்மையைக் கக்கிவிட்டேன். "நான் ஆப்பிளுக்குத்தாம்மா அழுதேன்."

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். "தெரியும்லே. வெள்ளிக்கிழமைக்குப் பெரிய பழமா வேணும்னு அன்னைக்குக் காலையிலயே எம் உசுர வாங்குனவன்தான நீ."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெரியப்பா பேசாமல் நின்ற அந்தச் செத்த நேரத்தில், அம்மாவின் இடுப்பில் என் அழுகை ஓயப் பார்த்தது. சேலைத் தலைப்புக்குள் என் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. எதற்குக் கிள்ளுகிறாள் என்று தெரியாமலே, இன்னும் உரக்க அழுதேன்.