பால் வடிந்த புழுக்களும் என் கக்கமும்

கடத்தூர் சந்தையில் பழக்கமான ஒரு அம்மா, தன் முதுகுக் கட்டியைப் பற்றி, "உள்ள உக்காந்துக்கிட்டு எவனோ கடப்பாரை போடறான் கண்ணு" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போயிற்று. என் வலிக்கு அதைவிட நல்ல வார்த்தை இன்றுவரை கிடைக்கவில்லை.

எனக்குக் கட்டி வருவது இரண்டு கக்கத்திலும். ஒன்று பழுத்து உடைந்து ஆறுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று தலை தூக்கும். பத்து வருடத்தில் தோலுக்கு அடியில் எலி வளை மாதிரி ஆகிவிட்டது; ஒரு துளையை அழுத்தினால் இன்னொரு துளையில் சீழ் வரும். தலை வாரக் கையைத் தூக்கினால் கண்ணில் நீர் தெறிக்கும். வெட்கத்தில் யாரிடமும் காட்டவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும் சூட்டுக் கட்டி என்றேன். ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவர். "மோரு குடி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

எங்களுக்குப் பிழைப்பு பட்டுப்புழு. கொழுந்தனாரும் நானும் சேர்ந்து வளர்க்கிறோம். மல்பெரித் தோட்டமும் தண்ணீரும் தட்டு கழுவுவதும் அவர் பொறுப்பு. மனைக்குள் புழுவைப் பார்ப்பது என் பொறுப்பு. மனை என்பது புழுவுக்கென்றே கட்டிய கொட்டகை. மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து, கை கழுவித்தான் உள்ளே போக வேண்டும். பூ வைக்கக் கூடாது, பவுடர் பூசக் கூடாது, ஊதுபத்தி வாசம்கூட ஆகாது. "பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்வளவு நொட்டை சொல்ல மாட்டாங்க" என்பார் என் மாமியார். வேறு எந்த வேலையிலும் எனக்குப் பெயர் கிடையாது. புழு பார்க்கிறதில் மட்டும் ஊரே என்னைக் கேட்டுப் போகும்.

போன கோடையில் அந்தப் பெயருக்கும் வினை வந்தது. கூடு கட்ட நாலைந்து நாள் இருக்கும்போது புழுக்கள் வீங்கின. தட்டின் விளிம்பில் தலை கீழாகத் தொங்கின. தொட்டாலே தோல் கிழிந்து வெள்ளையாகப் பால் வடிந்தது. பால்புழு நோய் என்போம். கொழுந்தனார் ஒரு புழுவைக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என் ரவிக்கையில் கக்கத்துப் பக்கம் பார்த்தார்.

"அதென்ன ஈரம், அண்ணி?"

"வேர்வை."

"வேர்வை மஞ்சளா இருக்குமா? ஒங்க சீழுதான் புழுவுக்கு ஏறியிருக்குது. இங்க பாருங்க, அதே மாதிரி வடியுது."

எனக்கே அப்படித்தான் தோன்றியது. வீங்கி, வெடித்து, வடிகிற அந்தப் புழுவைப் பார்க்கப் பார்க்க என் கக்கத்தைப் பார்ப்பது போலவே இருந்தது.

அன்று மத்தியானம் நான் செய்த காரியத்தைப் புழு வளர்க்கிறவளைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள். மனையைச் சுத்தம் செய்ய பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கலந்து வைத்திருப்போம். நோய்க்கிருமி எதுவானாலும் அதில் சாகும் என்பது எங்கள் நம்பிக்கை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, உடைந்திருந்த கட்டியின் வாயில் அதை அள்ளி வைத்து, கையை மடக்கி இறுக்கிக்கொண்டேன். முதலில் குளிர்ந்தது. பிறகு கறியில் கத்தி இறங்கியது போலிருந்தது. கத்தாமலிருக்கத் துண்டைக் கடித்தேன். கடவாய்ப் பல்லில் ரத்தம் வந்தது. கிருமி சாகிறது, சாகட்டும் என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றேன். கையை விரித்தபோது தோல் ரவிக்கையோடு வந்தது.

மறுநாள் காலை தழைக்கட்டோடு போனபோது கொழுந்தனார் மனை வாசலை மறித்து நின்றார்.

"இனிமே உள்ள கால் வைக்காத. வூட்டோட இரு."

"மிச்சமிருக்கற புழு பசியில கெடக்குது. தள்ளு."

"சீழு புடிச்சவ கையால எம் புழு திங்காது!"

நான் நுழையப் போனேன். அவர் என் மேல்கையைப் பிடித்து வெளியே இழுத்தார். வெந்த தோலும் கட்டியும் ஒன்றாகக் கிழிந்தன. என் வாயிலிருந்து வந்த சத்தம் ஆட்டுச் சத்தம். சீழும் ரத்தமும் அவர் மணிக்கட்டு வரை வழிந்தன. அவர் அருவருத்துக் கையை என் முதுகிலேயே துடைத்துவிட்டு, ஓர் உதை விட்டார். எனக்குக் கண் இருண்டது. கைக்கு அகப்பட்டது மல்பெரிக் கொம்பு. ஓங்கி முகத்தில் அடித்தேன். புருவம் பிளந்தது. இன்னொன்று அடித்தேன். விழுந்தவர் காலை வாரிவிட, நானும் விழுந்தேன். மாமியார் ஓடிவந்து இரண்டு பேர் தலையிலும் வாளித் தண்ணீரைக் கொட்டினார். "நாய்ங்களா! நாய்ங்களா! புழு சாவுது, நீங்களும் சாவுங்கடா!"

பக்கத்து வீட்டு ஆட்டோ ஒன்றுதான் இருந்தது. இரண்டு பேரையும் அதிலேயே ஏற்றினார்கள். தருமபுரி ஆஸ்பத்திரி வரை அவர் புருவத்தைப் பொத்திக்கொண்டு இடது பக்கம், நான் கையைத் தூக்கியபடி வலது பக்கம். "மறுபடி அடிச்சுக்கிட்டா ரோட்டுல எறக்கி வுட்டுருவேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார் ஆட்டோக்காரர்.

தோல் டாக்டரம்மா என் கையைத் தூக்கிப் பிடித்து, விளக்கைக் கிட்ட இழுத்துக் கக்கத்தைப் பார்த்தார்.

"யாரும்மா இப்படி வேக வெச்சது?"

"நானேதாங்க. மனைக்கு அதத்தான் போடுவோம்."

"நீங்க மனை இல்லம்மா."

புருவத்தில் தையலோடு கொழுந்தனார் கதவருகே நின்றார். டாக்டரம்மா இருவருக்கும் சேர்த்தே சொன்னார். முடி முளைக்கிற குழி அடைத்துக்கொள்கிறது. அடைத்தது வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே வெடிக்கிறது. அந்த இடத்தில் உடம்பே உடம்பைத் தாக்குகிறது. அழுக்கால் வருவதில்லை. யாருக்கும் தொற்றாது.

"புழுவுக்குங்க?" என்றார் கொழுந்தனார்.

"மனுசனுக்கே தொத்தாதுன்றேன். புழுவுக்கு எப்படிய்யா?"

பிறகு மனையைப் பார்க்க வந்த பட்டுத் துறை ஆள், போன தடவைத் தட்டுகள் சரியாகக் கழுவப்படவில்லை, போதாததற்கு வெயிலில் மனையைத் தார்ப்பாயால் மூடி வேக வைத்திருக்கிறீர்கள், நோய் அதனால்தான் என்றார். தட்டு கழுவியதும் தார்ப்பாய் கட்டியதும் யார் என்று நான் வாய் திறக்கவில்லை. ஒரு தடவை கொழுந்தனாரைத் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

முழுசாகக் குணமாகாது, கட்டுக்குள் வைக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மாதக்கணக்கில் மாத்திரை. கழுவ ஒரு மருந்து. பெரிதாக வீங்கினால் கட்டிக்குள்ளேயே ஊசி. அது போடும்போது சுவர் தெரியாது, நட்சத்திரம்தான் தெரியும். பிதுக்கக் கூடாது, ஊசியால் குத்தக் கூடாது, சவரம் கூடாது, எடை குறைய வேண்டும். தொளதொள ரவிக்கை போட்டால், "என்னடி, ஒன் மாமியா ரவிக்கையா?" என்கிறாள் எதிர் வீட்டுக்காரி. தழைக்கட்டைத் தோளில் தூக்குவதை விட்டுத் தள்ளுவண்டிக்கு மாறினேன். கட்டிகள் வரத்தான் செய்கின்றன, ஆனால் முன்போல் கூட்டமாக வருவதில்லை.

அடுத்த வளர்ப்புக்குப் புழு முட்டை வந்தபோது மனைக்குள் நான்தான் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. கூடு கட்டுவதற்கு முந்தின ஐந்தாம் பருவம், புழு மழை பெய்கிற மாதிரி சத்தத்தோடு தழை தின்கிற நேரம், வலது பக்கம் ஒன்று உடைந்தது. வெளியே வந்து கழுவி, மருந்து வைத்து, துணி கட்டி, ரவிக்கை மாற்றி, மறுபடி கை கழுவித் திரும்பினேன். கொழுந்தனார் வாசலில் நின்றார்.

"ஒடஞ்சிருச்சா?"

"ம்."

"இது எப்பத்தான் நிக்கும்?"

"நிக்காது."

அவர் என் கையைப் பார்த்தார், கட்டியிருந்த துணியைப் பார்த்தார். அப்புறம் வாசலை விட்டு நகர்ந்து, வண்டியிலிருந்த தழையை அவரே அள்ளினார்.

"தழை வாடுதுங்க அண்ணி. மேல் தட்டுக்கு நான் போடறேன், நீங்க கீழ பாருங்க."